சனிக்கிழமை ஊசி

கருணாபுரத்தில் குஞ்சம்மாள் வாயைத் திறந்தால் சின்னசேலம் ஸ்டேஷனில் நிற்கிற சேலம் ரயில், கார்டு விசில் அடித்துவிட்டார் என்று நினைத்துக் கிளம்பிவிடும். அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டையை அவள் முப்பது வருஷமாக ஒரே ஒரு காரியத்துக்குத்தான் செலவழித்தாள். குடிக்கிறவனைத் திட்டுவதற்கு. புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்த மறுவாரம் ஆரம்பித்த வேலை அது. ஒரு தடவை அவள் திட்டிய திட்டில் குடித்தவனுக்குப் போதை இறங்கியது. ஊற்றிக் கொடுத்தவனுக்கு இறங்கியது. பக்கத்துத் தெருவில் மோர் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்து, ‘இனிமே தொடமாட்டேங்க்கா’ என்று சத்தியம் செய்தான்.

அவளைப் பார்த்துத்தான் பெரியாஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர், வீங்கிய வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எத்தினி வருஷமா குடிக்கிறீங்க?”

வார்டில் இருந்த அத்தனை சலைன் பாட்டிலும் ஒரு நிமிஷம் சொட்டுவதை நிறுத்தியிருக்கும். அவள் போட்ட சத்தத்தில் டாக்டருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதும், இனி ஆகாது என்பதும், ஆனாலும் எப்படிப்பட்ட பிள்ளை பிறக்கும் என்பதும் அந்த மாடி முழுவதற்கும் தெரிந்தது. அவர் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த டாக்டர்ப் பிள்ளையையும் குற்றம் சொல்ல முடியாது. கருணாபுரத்திலிருந்து கல்லீரல் கெட்டு வருகிற ஆளிடம் வேறென்ன கேட்பது? இரண்டாயிரத்து இருபத்து நாலு ஜூன் மாதத்துக்கு அப்புறம் அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே எதிரில் இருக்கிறவன் முகத்தில் சாராயப் பாக்கெட் தெரியும். விஷச் சாராயம் குடித்து ஒரு வாரத்தில் எத்தனை பந்தல், எத்தனை சங்கு. அந்த வாரம் மட்டும் குஞ்சம்மாள் யாரையும் திட்டவில்லை. வீடு வீடாகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

ரத்தம் எடுத்த நாலாம் நாள் தனுஷா என்கிற பெண் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். நோயாளிகளுக்கு விவரம் சொல்வதுதான் அந்தப் பெண்ணின் வேலை.

“அம்மா, நீங்க குடிக்கலன்னு ரத்தமே சொல்லிடுச்சு. உங்களுக்கு இருக்கறது ஹெப்படைட்டிஸ் சி. ஒரு கிருமி. ரத்தத்துல கலந்து கல்லீரல்ல போய் உக்காந்துக்கும். இருவது வருஷம் மூச்சு விடாது. அப்புறம் ஒரு நாளைக்கு வயிறு வீங்கும்.”

“அத்த மொதல்ல எங்க தெருவுல வந்து மைக் போட்டுச் சொல்லு கண்ணு. நான் குடிக்கலன்ற எடத்த ரெண்டு தடவ சொல்லு.”

“இது எப்பிடி வந்துச்சுன்னு பாக்கணும்மா. ரத்தம் ஏத்தியிருக்காங்களா?”

“எனக்கு யாரு ஏத்துவாங்க? இருக்கறதத்தான் எல்லாரும் உறிஞ்சிகினு கீறாங்க.”

“பச்ச குத்தியிருக்கீங்களா?”

“மயில் குத்திக்கணும்னு ஆச. எங்கப்பன் வுடல.”

“அடுத்தவங்க போட்ட பிளேடு, ஊசி…”

குஞ்சம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே நின்றது. தனுஷா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

விஷயம் இதுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு கருணாபுரத்து ஆண்கள் அத்தனை பேரும் குடிப்பதற்கு ஒரே காரணம் சொன்னார்கள். ஒடம்பு வலிக்குதுக்கா. மூட்டை தூக்குகிறவன், மண் வெட்டுகிறவன், கலவை போடுகிறவன், எல்லோருக்கும் அதே பதில். குஞ்சம்மாள் யோசித்தாள். வலிதானே காரணம்? வலியை ஒழித்துவிட்டால் குடியை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

தெருமுனையில் தகரக் கொட்டகை போட்டு தனசேகரன் என்று ஒருவர் இருந்தார். எந்த ஊரிலோ யாரோ ஒரு டாக்டரிடம் கட்டுப் போடுகிற வேலை பார்த்தவர். ஆனால் வெள்ளைச் சட்டை. வெள்ளை என்றால் அப்படி இப்படி வெள்ளை இல்லை. உச்சி வெயிலில் அவரைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குச் சாயங்காலம் வரை கண் கூசும். ஒரு ஊசி போட்டால் வலி பறந்துவிடும். தெரு அவரை டாக்டர் என்றது. மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டரை அந்தத் தெரு டாக்டராகவே மதித்ததில்லை. ஊசி போட்டால்தான் வைத்தியம், இல்லாவிட்டால் வெறும் பேச்சு.

சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வருகிற ஆண்களை குஞ்சம்மாள் துடைப்பத்தோடு தெருமுனையில் மறித்தாள். சாராயக் கடைப்பக்கம் திரும்பினவனைக் கொட்டகைப்பக்கம் திருப்பினாள். முதல் ஊசியைத் தன் கையில் போட்டுக் காட்டினாள். ‘பாரு, எறும்பு கடிச்சாப்பல கூட இல்ல.’ அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. வாரா வாரம் நின்றது. ஊசி போட்டுக்கொண்டவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்கினான். பெண்டாட்டிமார் குஞ்சம்மாளுக்குக் கோயில் கட்டாததுதான் பாக்கி. பதினாறு வயதில் செங்கல் தூக்கப் போன தன் மகன் கலையரசனையும் அவளே கையைப் பிடித்து இழுத்து வந்து, சட்டையைத் தோள்வரை சுருட்டிவிட்டாள். அவன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அதைச் சொல்லும்போது அவளுக்கு நாலு விரற்கடை உயரம் கூடும்.

வரிசையில் நிற்காதவன் ஒரே ஆள். அவள் கொழுந்தன் இருசப்பன். துடைப்பம் தெருமுனையில் நின்றால் அவன் சாக்கடை வழியாகப் போவான். சாக்கடையில் நின்றால் கூரை வழியாகப் போவான். பூமியைத் தோண்டிக்கொண்டு போனாவது கடைக்குள்ளே எழும்புவான் என்று சொல்வார்கள்.

“அந்த வரிசையில நின்ன எல்லாரையும் கூட்டிட்டு வாங்கம்மா” என்றாள், எல்லாவற்றையும் கேட்டு முடித்த தனுஷா. “மொதல்ல உங்க பையன. இப்பவே கண்டுபுடிச்சா மூணு மாசம் மாத்திர, இங்கயே தர்றோம். கிருமி போயிடும். உங்கள மாதிரி வயிறு வீங்கற வரைக்கும் விட்டா, மாத்திர கிருமியத்தான் கொல்லும். சுருங்கின கல்லீரல் திரும்பி வராது.”

“எனக்கு வராதா?”

தனுஷா மேஜையைப் பார்த்தாள்.

“சரி வுடு. அவனுக்கு?”

“வரும்மா. சீக்கிரம் வந்தா.”

அன்றைக்கு அவள் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே சேதி நுழைந்திருந்தது. கல்லீரல் என்ற ஒரு வார்த்தை போதாதா? இருசப்பன் நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டான்.

“வாங்க அண்ணி, வாங்க! முப்பது வருஷமா நாங்க பப்ளிக்கா குடிச்சோம், நீங்க வூட்டுக்குள்ள குடிச்சீங்களா? ஒரு வாய் எனக்குக் குடுத்திருக்கக் கூடாதா?”

“டேய், நான் குடிக்கலடா! ரத்தமே சொல்லிச்சுடா!”

“அப்ப இன்னும் மோசம் அண்ணி. குடிக்காதவங்களுக்கே கல்லீரல் போவுதுன்னா, குடிக்கறவன் இன்னா முட்டாளா? யோவ், எல்லாம் கேட்டுக்கோங்கய்யா! தைரியமா குடிங்க!”

தெரு சிரித்தது. அவள் வரிசையில் நிறுத்திய ஆண்களும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் அவர்களில் இரண்டு பேர், வருஷக்கணக்காகத் தொடாதவர்கள், கடைப்பக்கம் போனதாகச் சொன்னார்கள். இருசப்பனிடம் கேட்டால் பத்துப் பேர் என்றுதான் கணக்கு வரும். ஆனாலும் இரண்டு பேர் போனது நிஜம்.

கலையரசன் வெள்ளையடிக்கிற வேலையிலிருந்து வந்து, கை கழுவாமலே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி தமிழ்மொழி சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“கலை, நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வா. ரத்தம் குடுக்கணும்.”

“எதுக்கு? உனக்கு வந்தது எனக்கு இன்னாத்துக்கு?”

“ஊசிப்பா. அந்தச் சனிக்கிழம ஊசி.”

“ம்மா, போதும்மா. கூட வேல செய்றவன்லாம் கேக்கறான், ‘உங்கம்மா எந்தப் பிராண்டு’ன்னு. இப்ப நானும் போய் ரத்தம் குடுத்தா, ஆத்தாளும் மவனும் சேந்து குடிச்சாங்கம்பான். நான் இத்தினி வருஷம் குடிக்காம இருந்தது இதுக்கா?”

“மானம் போனா போவுதுடா. கல்லீரல் போனா வராது.”

“டாக்டரு கை சுத்தம். எனக்குக் காச்ச வந்து கெடந்தப்ப ராத்திரி பூரா பக்கத்துல குந்திகினு இருந்தவரு. அவரப் போய் சொல்ற பாரு. அவரே வந்து சொல்லட்டும், ஒரே ஊசியத்தான் எல்லாருக்கும் போட்டேன்னு. அப்ப நான் வரேன்.”

சொல்லிவிட்டுச் சோற்றை இழுத்தான். ஆகாத காரியத்தைச் சொன்ன தைரியம் அவனுக்கு. தனசேகரன் கொட்டகையைக் காலி செய்து வெள்ளிமலைக்கு ஏறிப்போய் வருஷம் பல ஆகிவிட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் குஞ்சம்மாள் வெள்ளிமலைக்குக் கிளம்பினாள். கல்வராயன் மலைப் பாதையில் பஸ் வளைகிற வளைவில் டிரைவர் தன் வண்டியின் பின்பக்க நம்பரைத் தானே படித்துக்கொள்ளலாம். வீங்கின வயிற்றைப் புடவை முந்தானையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சாபம் விட்டபடி ஏறினாள். மலை இறங்கி வரும்போது திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருப்பாள் போல, அத்தனை தாராளம்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. அன்று சந்தை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தினையும் கேழ்வரகும் கொண்டு வந்து இறக்கிய ஜனங்கள் ஒரு தகரக் கொட்டகை வாசலில் வரிசையாக நின்றார்கள். அதே தகரம். அதே வெள்ளைச் சட்டை. தலை மட்டும் சட்டையோடு போட்டிக்கு வெளுத்திருந்தது.

“யாரு, குஞ்சம்மாவா! வாம்மா, வா! இன்னா இப்பிடி எளச்சிட்ட? வயிறு மட்டும் ஊதிக் கெடக்குது. ஒரு சத்து ஊசி போட்டுவுடறன், குந்து.”

அவளுக்குத் திட்டு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். மகனுக்குப் போன் போட்டு, அவன் எடுக்கும் வரை விழுங்கிக்கொண்டே இருந்தாள். டவர் கிடைக்கிற இடம் அங்கே அந்தக் கொட்டகை வாசல்தான். அதனால்தான் டாக்டர் கூட்டமா டவர் கூட்டமா என்று சொல்ல முடியாதபடி ஜனம். போனை ஸ்பீக்கரில் போட்டு முந்தானைக்குள் பிடித்துக்கொண்டாள்.

“ஊசி அப்பால போட்டுக்கறங்க டாக்டரே. ஒரு சந்தேகம். எங்க தெருவுல அத்தினி பேருக்கும் போட்டீங்களே, அத்தினி ஊசிக்கு எங்க போனீங்க?”

தனசேகரன் முகம் மலர்ந்தது. இவ்வளவு வருஷத்தில் அவர் தொழில் நுட்பத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

“அத்தினி ஊசியா? ஒரே ஊசிம்மா! சனிக்கெழம சாயங்காலம் ஒரு ஊசி எடுத்தன்னா கடைசி ஆள் வரைக்கும் அதான். நடுநடுவுல வெந்நீர்ல ஒரு முக்கு. கழுவாம ஒருத்தருக்கும் போட்டதில்ல, அந்தச் சுத்தம் என்கிட்ட எப்பவும் உண்டு. மொன மழுங்கினா தீப்பெட்டி ஓரத்துல ஒரு தீட்டு. இப்ப வர்ற பசங்க ஒரு தடவ குத்திட்டுத் தூக்கி எறியறானுங்க. எவ்ளோ வீண் பாரு!”

முந்தானைக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று குஞ்சம்மாள் எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு, “ம்மா, கீழ எறங்கி வா” என்றான் கலையரசன்.

அப்புறம்தான் அவள் விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. மலையில் இருந்த பறவைகள் சேலம் ஜில்லாவுக்கு இடம் மாறின. எத்தனை திட்டு! திட்டி முடித்து வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

“போட்டுக்காதீங்க! ஒரே ஊசி! எனக்கு வயிறு பாருங்க! போயிடுங்க!”

வரிசை நகரவில்லை. முன்னால் நின்ற பாப்பாத்தி என்கிற நடுவயதுப் பெண், கேழ்வரகு மூட்டையை இறக்கிய பிறகும் தலையில் சும்மாடு அப்படியே இருக்க, பொறுமையாகச் சொன்னாள்:

“டாக்டருகிட்ட சண்டன்னா சாயங்காலமா வாம்மா. எங்களுக்கு வலிக்குது. வரிசைய மறைக்காத.”

தனசேகரன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “பாவம், ரத்தம் கம்மியா இருந்தா இப்பிடித்தான் கோவம் வரும்” என்று வரிசைக்கு விளக்கினார். குஞ்சம்மாள் கீழே வந்து தனுஷாவிடம் சொல்லி, தனுஷா மேலே சொல்லி, ஆபீசர்கள் ஜீப்பில் மலையேறினபோது கொட்டகையில் தகரம்கூட இல்லை. அவர் வேறு மலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் மலைக்குப் பஞ்சமா?

கலையரசன் வந்தான். அவன் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். தனுஷா தெருவுக்கே மேஜை நாற்காலியோடு வந்து ரத்தம் எடுத்தாள். வேடிக்கை பார்க்க வந்த இருசப்பனும், ‘சும்மா குடுக்கறதுன்னா எதுக்கு வுடணும்’ என்று கையை நீட்டினான். அவன் ரத்தத்தை எடுத்த குழாயே தள்ளாடியிருக்கும்.

முதல் பரிசோதனையில் சந்தேகப்பட்டவர்களுக்கு இரண்டாவது பரிசோதனை செய்து, ரிசல்ட் வந்த அன்று தனுஷாவின் முகம் சரியாக இல்லை.

“வெளிய நூறு பேருக்குப் பாத்தா ஒருத்தருக்குக்கூட இருக்காதும்மா. இங்க நாலு பேருக்கு ஒருத்தர். அந்த வரிசையில நின்னவங்க மட்டும்.”

கலையரசனுக்கு இருந்தது. கல்லீரல் இன்னும் கெடவில்லை, மாத்திரையில் போய்விடும் என்று தனுஷா இரண்டு தடவை சொன்னாள். இருசப்பனுக்கு இல்லை. அவன் கல்லீரல் எப்படி இருந்தது என்பது வேறு கதை. அதைப் பற்றி தனுஷா சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவன் தெருவுக்கு ஓடிவிட்டான்.

“கிருமி இல்ல! எனக்குக் கிருமி இல்ல! சாராயத்துல விழுந்த கிருமி செத்துப்போச்சு!”

தெரு இந்தத் தடவை சிரிக்கவில்லை. குஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்தது. துடைப்பம் பிடித்த கை அவள் கை. சட்டையைச் சுருட்டிவிட்ட கை அவள் கை. டாக்டர் மலையில் எங்கேயோ இருக்கிறார். இவள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். கோயில் கட்டாத குறையாகக் கொண்டாடிய பெண்டாட்டிமார் குழாயடியில் அவளைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ‘தொட்டா ஒட்டாதுங்க, ஒண்ணா சாப்ட்டா ஒட்டாதுங்க, ரத்தத்துல மட்டுந்தான்’ என்று தனுஷா தொண்டை வற்றச் சொன்னாள். ஒட்டும் என்று பயந்து நகர்கிறவர்களுக்குத்தானே அது சமாதானம்? இவர்கள் நகர்ந்தது கோபத்தில்.

கலையரசன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். கத்தலுக்குப் பதில் கத்தல் அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. அவன் அன்றைக்கு ஒன்றே ஒன்று கேட்டான்.

“நான் வேணாம்னு சொன்னேன். நெனப்பு இருக்குதா? மொத தடவ. பயமா கீதுன்னு சொன்னேன்.”

அவளுக்கு நினைப்பு இருந்தது. “குடிகாரனா ஆவப்போறியா, ஊசி போட்டுக்கறியான்னு கேட்டேன்” என்றாள்.

“ரெண்டுமே இல்லாம ஒரு வழி இருந்திருக்கும்மா” என்றான்.

மறுநாள் வீட்டுக்கு நடுவே தட்டி வைத்துப் பிரித்துக்கொண்டான். அந்தப் பக்கம் தனி அடுப்பு. தமிழ்மொழி அவன் கையில் தினமும் மாத்திரையைக் கொட்டி, தண்ணீரோடு நின்று விழுங்கவைப்பது குஞ்சம்மாளுக்குத் தட்டி வழியாகக் கேட்கும். அந்த மாத்திரை டப்பா குலுங்குகிற சத்தத்துக்காக அவள் சோற்றுக்கு உட்காராமல் காத்திருப்பாள். ஒரு நாளும் தவறவில்லை. பேத்தி தேவதர்ஷினி மட்டும் தட்டிக்கு அடியில் கையை விட்டு ஆட்டும். அதையும் ஒரு நாள் யாரோ இழுத்துக்கொண்டார்கள்.

அவளுக்கும் மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மாதத்துக்குப் பதில் ஆறு மாதம். கிருமி போயிற்று. வயிறு போகவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் தண்ணீரை இறக்கிவிட்டு அனுப்புவார்கள். அது எங்கிருந்துதான் ஊறுமோ, வீராணம் ஏரிக்குத் தண்ணீர் திறந்துவிட்டதுபோல மறுபடி நிறைந்துவிடும்.

மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு கடைசிப் பரிசோதனை உண்டு. அதில் கிருமி இல்லையென்றால் ஒரேயடியாக இல்லை. கலையரசன் அதற்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தது தமிழ்மொழி பேச்சில் தெரிந்தது. ரிசல்ட் எப்போது என்று குஞ்சம்மாள் யாரையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் தனுஷாவிடம் கேட்டாள். ‘அவர்தாம்மா சொல்லணும், நான் சொல்லக் கூடாது’ என்றுவிட்டது அந்தப் பெண். குஞ்சம்மாள் அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டு வெளியே வந்து, மரத்தடியில் நின்று மரத்தைத் திட்டினாள்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். வாசலில் நிழல் ஆடியது. நிழல் ஆடினால் காற்று இல்லை, இருசப்பன்.

“அண்ணி.”

“எட்ட நின்னு பேசு. நாத்தம் கூரையப் பிச்சிகினு போவுது.”

“கலைக்குக் கிருமி இல்லியாம். சுத்தமா போச்சாம். இன்னிக்கு வந்துச்சு.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“யாரு சொன்னா?”

“அவந்தான்.”

“என்கிட்ட சொல்ல வாயில்லியா அவனுக்கு?”

“உங்ககிட்ட சொல்லாதன்னுதான் என்கிட்ட சொன்னான்.” இருசப்பன் வாசற்படியில் உட்கார்ந்தான். “என்கிட்ட போய் சொல்றான் பாருங்கண்ணி. என் வாயில சாராயமே நிக்கறதில்ல, சேதி நிக்குமா?”

“ஒரு குடிகாரன் சொல்றத எப்பிடி நம்பறது? காத்தால, ஊத்திக்கறதுக்கு முன்ன வந்து இதையே சொல்லு.”

“ஊத்திக்காம எனக்கு எது நெனப்பு இருக்கும்?” என்றான். கேலியாகச் சொல்லவில்லை.

அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

“இன்னொரு தடவ சொல்லு இருசா.”

“கலைக்குக் கிருமி இல்ல.”

“நல்லா சொல்லு. வாய்க்குள்ள முணுமுணுக்காத.”

“கலைக்குக் கிருமி இல்லண்ணி! போயே போச்சு!”

“இன்னும் ஒரு தடவ.”

அவன் சொன்னான். தெருவுக்கே கேட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.